பரங்கிமலை தந்த ராஜா

தாம்பரத்தில் காலை மின்சார ரயிலில் ஏறுகிறோம். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. அடுத்தது பரங்கிமலை. கூட்டம் இறங்குகிறது, கூட்டம் ஏறுகிறது. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பாதையில் எத்தனை லட்சம் உழைப்பாளிகள் போய்வந்திருக்கிறார்கள்! அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், பரங்கிமலையில் பிறந்த ஒரு பள்ளி ஆசிரியர், உழைப்பவன் எந்தச் சாதியில் பிறந்தாலும் ஆலையிலும் அலுவலகத்திலும் மற்றவனோடு சமமாக நிற்கவேண்டும் என்பதற்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார் என்பது?

அவர்தான் எம். சி. ராஜா. மயிலை சின்னத்தம்பி ராஜா.

தோழர்களே! ராஜாவின் வாழ்க்கையை எழுதும்போது நமக்குக் கூச்சம் ஒன்று உண்டு. நாம் தொழிற்சங்கத்தில் வளர்ந்தவர்கள். சென்னைத் தொழிலாளர் வரலாற்றில் பெரிய போராட்டம் ஒன்றில், வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் ராஜா. அந்த ஒரே காரணத்தால் நமது மேடைகளில் அவர் பெயர் பல காலம் ஒலிக்கவில்லை. ஆனால், அவர் ஏன் அங்கே நின்றார் என்று கேட்டுப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொள்வது நேர்மையாகுமா? கேட்டுப் பார்ப்போம்.

ராஜா பிறந்தது 1883-ம் ஆண்டு. அந்நாளில் பரங்கிமலை பட்டாளத்துக்காரர்களின் ஊர். வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்கள், குதிரை லாயங்கள், பீரங்கிப் படை. அந்த வீடுகளில் சமையல் செய்தவர்கள், குதிரை தேய்த்தவர்கள், பட்லர் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் சேரிகளிலிருந்து வந்த ஏழைகள். ஊர்த் தெருவில் நடக்க விடாதவர்களை வெள்ளைக்காரன் தன் சமையலறைக்குள்ளேயே விட்டான். அவன் சமத்துவவாதி என்பதாலா? இல்லை, அவனுக்கு வேலை நடக்கவேண்டும். ஆயினும் அந்தச் சிறு இடைவெளியில் புகுந்து, பிள்ளைகளை நாலு எழுத்துப் படிக்க வைத்த குடும்பங்கள் உண்டு. ராஜாவின் தகப்பனார் லாரன்ஸ் அசைலத்தில் மேலாளராக இருந்தவர். மகனை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளிக்கு அனுப்பினார். அங்கிருந்து வெஸ்லி கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. இன்று தாம்பரத்துக் காட்டுக்குள் மரநிழலில் இருக்கிறதே அந்தக் கல்லூரிதான்; ஆனால் அப்போது அது ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-ல்தான் தாம்பரம் வந்தது.

இங்கே ஒரு விநோதத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே 1883-ம் ஆண்டில்தான் போரூருக்குப் பக்கத்தில் துள்ளம் என்ற சிற்றூரில் திரு. வி. க. பிறந்தார். அவரும் அதே வெஸ்லி பள்ளியில் படித்தவர், பின்னால் அங்கேயே தமிழாசிரியராக இருந்தவர். சென்னையின் தென்மேற்கு ஓரத்தில் சில கல் தொலைவுக்குள், ஒரே ஆண்டில் பிறந்த இரு ஆசிரியர்கள். ஒருவர் தொழிலாளர் தலைவரானார். மற்றவர் தாழ்த்தப்பட்டோர் தலைவரானார். 1921-ல் இருவரும் எதிரெதிரே நிற்கவேண்டி வந்தது.

பட்டம் பெற்ற ராஜா பள்ளி ஆசிரியரானார். அந்தக் காலத்தில் ஆதி திராவிடர் ஒருவர் பட்டதாரி என்பதே அதிசயம். ஊரெல்லாம் பள்ளிகள் இருந்தன. ஆனால் அவை அக்ரகாரத்திலும் ஊர் நடுவிலும் இருந்தன. சேரிப் பிள்ளை அங்கே போய்ச் சேரமுடியாது. ஆகவே கல்வி என்பதே ராஜாவின் முதல் கவலை. 1916-ல் ஆதி திராவிட மகாஜன சபையின் செயலாளர் ஆனார். பழைய சபைக்குப் புது இரத்தம் ஏறியது. 1920-ல் அமைந்த புதிய சென்னைச் சட்டசபைக்குள் நீதிக் கட்சிக்காரராக நுழைந்தார்.

சட்டசபையில் அவர் செய்த முதற்பெரும் காரியம் ஒரு பெயரைப் பற்றியது. சர்க்கார் தஸ்தாவேஜுகளில் எல்லாம் பறையர், பஞ்சமர் என்றே எழுதிவந்தார்கள். அந்தச் சொற்களை நீக்கித் தமிழ் நாட்டில் ஆதி திராவிடர் என்றும் ஆந்திரப் பகுதியில் ஆதி ஆந்திரர் என்றும் எழுதவேண்டும் என 1922-ல் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது, அரசாணையும் வந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு நாள் ஆலை வாசலில் நின்று பார்க்கவேண்டும். மேஸ்திரி ஒருவனை அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். இன்னொருவனைச் சாதி சொல்லிக் கூப்பிடுகிறான். கூலி இருவருக்கும் ஒன்றாக இருக்கலாம். ஆனால், வேலை முடிந்து வீடு திரும்பும்போது இருவர் நெஞ்சிலும் ஒரே பாரமா இருக்கும்?

இனி அந்த 1921-க்கு வருவோம்.

பெரம்பூர்ப் பக்கத்தில் பின்னி கம்பெனிக்கு இரண்டு பெரிய ஆலைகள்: பக்கிங்ஹாம், கர்நாடிக். அவற்றின் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகிய இருவர் முயற்சியில், வாடியா தலைமையில், திரு. வி. க. துணையோடு எழுந்த சங்கம். இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இன்றும் அதைச் சொல்கிறோம், பெருமையோடு சொல்கிறோம். பிறந்த நாள் முதல் அதற்கு அடிமேல் அடி. 1920 கடைசியில் ஒரு பெரும் போராட்டம்; துப்பாக்கிச் சூடு; உயிர்ப் பலி. அந்தக் காயம் ஆறுவதற்குள் 1921 மே மாதம் கர்நாடிக் ஆலையில் மீண்டும் தகராறு மூண்டது. ஜூனில் பக்கிங்ஹாம் ஆலைத் தொழிலாளரும் இறங்கினார்கள்.

அப்போதுதான் சங்கம் பிளந்தது. ஆதி திராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள்.

ஏன் திரும்பினார்கள்? நிர்வாகம் ஆசை காட்டியது என்று ஒரு பதில் உண்டு. சர்க்கார் தூண்டிவிட்டது என்றும் பதில் உண்டு. இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. பிளவு எங்கே தெரிந்தாலும் அதில் ஆப்பு இறக்குவது முதலாளியின் தொழில்; அன்றைய வெள்ளைக்கார சர்க்காருக்கும் அது கைவந்த கலை. ஆனால், ஆப்பு இறங்க மரத்தில் முதலில் வெடிப்பு இருக்கவேண்டும் அல்லவா? அந்த வெடிப்பைப் போட்டது யார்?

சேரித் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு ஊரில் காணி இல்லை. அடகு வைக்க நகை இல்லை. கடன் கொடுக்கும் கடைக்காரன் இல்லை. போராட்டம் வந்தால் சாதி இந்துத் தொழிலாளிக்கு ஏதோ ஓர் உறவு, ஏதோ ஒரு கிராமம். இவனுக்கு ஆலைச் சங்கு ஊதினால்தான் அடுப்பெரியும். அதோடு, சங்க மேடையில் அவன் சாதிக்காரர் எத்தனை பேர் இருந்தார்கள்? வேலைநிறுத்தம் என்று முடிவு செய்தபோது அவனைக் கேட்டார்களா? சங்கக் கூட்டத்தில் தோளோடு தோள் நின்றவன், கூட்டம் முடிந்ததும் இவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தானா?

ஜூன் மாதக் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வேலைக்குப் போனவர்களின் குடிசைகள். பதிலுக்கு மறுபக்கத்துக் குடிசைகளும் எரிந்தன. வீடிழந்த ஆதி திராவிடக் குடும்பங்கள் வியாசர்பாடி முகாமில் போய் அண்டின. கல்லடி, கத்திக் குத்து, போலீஸ் துப்பாக்கி என்று மாதக் கணக்கில் வடசென்னை புகைந்தது. இறந்தவர்களில் இரு பக்கத்தாரும் உண்டு, எல்லாரும் உழைப்பாளிகள். முதலாளி வீட்டுக் கண்ணாடி ஒன்று உடைந்ததாகவும் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில் நீதிக் கட்சித் தலைவர்கள் என்ன செய்தார்கள்? ஆதி திராவிடருக்கு சர்க்கார் அதிகச் செல்லம் கொடுப்பதால்தான் இத்தனை தொல்லையும் என்றார்கள். அவர்களைப் புளியந்தோப்பிலிருந்தே அப்புறப்படுத்தவேண்டும் என்ற குரல்கூட எழுந்தது. எந்த ராஜாவைத் தங்கள் வரிசையில் உட்கார வைத்திருந்தார்களோ, அவர் மக்களையே நகரத்தைவிட்டு வெளியேற்றப் பார்த்தார்கள்! ராஜா எழுந்து நின்று எதிர்த்தார். வேலைக்குப் போக விரும்புகிறவன் உயிருக்குப் பயப்படாமல் போகவேண்டும் என்று வாதாடினார். எரிந்த குடிசைக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

அக்டோபரில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. சங்கம் நொறுங்கியது. திரும்பி எழ அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. தோற்றது யார்? இரு பக்கத்துத் தொழிலாளியும்தான்.

ராஜா செய்தது சரியா? நாம் நமது தீர்ப்பை மறைக்கவில்லை. வேலைநிறுத்தத்தை உடைப்பதை நாம் என்றும் ஏற்றதில்லை, இதிலும் ஏற்கவில்லை. அவர் சர்க்காரை அளவுக்கு மீறி நம்பினார் என்பதே நமது எண்ணம். ஆனால், அன்றைய சங்கத் தலைவர்கள் சேரித் தொழிலாளியை முதல் நாளிலிருந்தே சமமாக வைத்திருந்தால், ராஜாவுக்கு எதிர்ப்பக்கம் போகவேண்டிய தேவையே வந்திருக்காது. இதையும் மறைக்கக் கூடாது.

இது சென்னையின் கதை மட்டுமா? பம்பாய்க்குப் போவோம். அங்கே பஞ்சாலைகளில் கூலி அதிகம் கிடைப்பது நெசவுப் பிரிவில். அந்தப் பிரிவுக்குள் தீண்டப்படாத தொழிலாளியை விடமாட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? நூல் அறுந்தால் வாயில் வைத்து எச்சில் தொட்டு முடிச்சுப் போடவேண்டும். இவன் எச்சில் பட்ட நூலை அவன் தொடமாட்டானாம். 1928-ல் மாபெரும் வேலைநிறுத்தம் வந்தபோது இந்த அநீதியை நீக்குவதையும் கோரிக்கையாகச் சேர்க்கவேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். தயங்கித் தயங்கித்தான் சேர்த்தார்கள். பத்தாண்டுக்குப் பின், 1938-ல், மன்மாடில் தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பேசியபோது அவர் காட்டிய கணக்கு இன்னும் உறைக்கும். தண்டவாளத்தில் கல் தட்டும் கேங்மேன் வேலைக்கு இவன் வேண்டும். ஆனால் போர்ட்டர் வேலை கிடைக்காது. ஏனென்றால் போர்ட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வார், வீட்டுக்குள் இவனை விடமுடியாது. பட்டறையில் மெக்கானிக் வேலையும் எளிதில் கிடைக்காது. தாம்பரம் பாதையில் வெயிலில் கல் தட்டியவர்களின் பிள்ளைகள் நமது வாசகர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

குரோம்பேட்டை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். குரோம் லெதர் கம்பெனி இருந்ததால் வந்த பெயர். தோல் பதனிடுவது தீட்டு என்று ஊர் ஒதுக்கியது. ஒதுக்கிய தொழில்தான் ஊருக்குப் பெயர் கொடுத்தது!

அண்மையில் நமக்கே ஒரு தலைகுனிவு. பெருங்களத்தூருக்கு அப்பால் ஒரு கட்டட வேலைத் தளம். பாக்கிக் கூலிக்காகக் கூட்டம் போட்டோம். துண்டறிக்கை அடித்தோம், அழகான தமிழில். வந்தவர்கள் பதினைந்து பேர். வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்கள். அவர்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் நமது தோழர் ஒருவர், வடக்கத்தியான் காட்டிக் கொடுத்துவிட்டான், வேலைக்குப் போய்விட்டான் என்று கோபத்தோடு சொன்னார். அவர்களிடம் யாராவது போய் அவர்கள் மொழியில் சொன்னீர்களா என்று கேட்டோம். பதில் இல்லை. துண்டறிக்கை எழுதிய நமக்கும் பதில் இல்லை. அன்று இரவு ரயிலில் வரும்போதுதான் புளியந்தோப்பு நினைவுக்கு வந்தது. ராஜாவும் நினைவுக்கு வந்தார். இந்தக் கட்டுரையின் பிறப்பும் அங்கேதான்.

கதைக்குத் திரும்புவோம்.

1921 செப்டம்பரில் நீதிக் கட்சி சர்க்கார் வகுப்புவாரி உரிமைக்கான முதல் ஆணையை வெளியிட்டது. உத்தியோகங்களில் எல்லா வகுப்பாரும் இடம்பெற வேண்டும் என்ற கொள்கை. நாட்டுக்கே வழிகாட்டிய கொள்கை. ஆனால் அந்தப் பட்டியலில் தாழ்த்தப்பட்டோருக்கென்று தனி வரிசை இல்லை. பிராமணரல்லாதார் என்ற பெரிய கூடையில் அவர்களையும் போட்டுவிட்டார்கள். கூடையில் கனத்த பழம் மேலே, காய்ந்த பழம் அடியில் என்பது யாருக்குத் தெரியாது? ராஜா தூது சென்று முறையிட்டார். பலன் இல்லை. 1923-ல் கட்சியைவிட்டு வெளியேறினார். பதவியை எண்ணியிருந்தால் அவர் அங்கேயே இருந்திருக்கலாம்.

அவர் கேட்டது பின்னால் கிடைத்தது. சுப்பராயன் மந்திரி சபையில் முத்தையா முதலியார் கொண்டுவந்த ஆணையில், பன்னிரண்டு இடங்களில் பிராமணரல்லாதாருக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று வகுத்தார்கள். பன்னிரண்டில் ஒன்று! மக்கள் தொகைக்கு அது எவ்வளவு சிறிது! 1947-ல் அது பதினான்கில் இரண்டு ஆனது. இன்று ஒரு தாலுக்கா ஆபீசுக்குள் நுழைந்தால் பல சாதிப் பெயர்களும் பல மதத்தாரும் ஒரே மேஜை வரிசையில் உட்கார்ந்திருப்பதைக் காண்கிறோமே, அந்தக் காட்சிக்குப் பின்னால் இத்தனை தூதும் இத்தனை ஏமாற்றமும் இருக்கின்றன.

தொழிலாளர் இலாகா என்ற பெயரின் கதையும் சுவையானது. 1920-ல் சென்னை சர்க்கார் லேபர் கமிஷனர் என்று ஓர் அதிகாரியை நியமித்தபோது, அவர் தலையில் விழுந்த பெரிய வேலை தாழ்த்தப்பட்டோர் நலம்: மனைக்கட்டு வாங்கிக் கொடுப்பது, கிணறு வெட்டுவது, சேரியில் பள்ளி திறப்பது. அந்தப் பள்ளிகளை மக்கள் லேபர் ஸ்கூல் என்றார்கள். செங்கற்பட்டுப் பக்கத்து முதியவர்கள் வாயில் அந்தப் பெயர் வெகுகாலம் இருந்தது. உழைப்பாளி என்றாலே சேரிக்காரன், சேரிக்காரன் என்றாலே உழைப்பாளி என்று சர்க்காருக்கே தெரிந்திருந்தது!

1925-ல் ராஜா தம் மக்களின் நிலையை ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதினார். பின்பு டில்லி மத்திய சட்டசபையில் தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதியாக அமர்ந்தார். அந்த டில்லிக் காலத்தை விரிக்க இங்கே இடமில்லை. 1932-ல் தனித் தொகுதியா, கூட்டுத் தொகுதியா என்ற சண்டையில் அவர் மூஞ்சேயோடு ஒப்பந்தம் செய்து கூட்டுத் தொகுதியின் பக்கம் நின்றதும், அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் மறுபக்கம் நின்றதும், கடைசியில் பூனா ஒப்பந்தத்தில் எல்லாரும் கையொப்பமிட்டதும் பலரும் அறிந்தவை. காங்கிரசையும் காந்தியாரையும் அப்போது அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்குச் சோதனை விரைவிலேயே வந்தது.

1937-ல் ஏப்ரல் முதல் ஜூலை வரை கே. வி. ரெட்டி நாயுடுவின் இடைக்கால மந்திரி சபையில் ராஜா வளர்ச்சித் துறை மந்திரி. பிறகு இராஜாஜி ஆட்சி. சட்டசபையில் ராஜா இரண்டு மசோதாக்களைக் கையில் எடுத்தார். முதலாவது, 1938-ல் சட்டமானது. தாழ்த்தப்பட்டவன் என்ற காரணத்தால் எவனையும் பொது உத்தியோகத்திலிருந்து விலக்கக் கூடாது. பொதுக் கிணறு, குளம், பாதை, வாகனம் எதிலும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். நாட்டு விடுதலைக்கும் அரசியல் சட்டத்தின் தீண்டாமை ஒழிப்புப் பிரிவுக்கும் முன்பே, ஒரு பரங்கிமலைக்காரர் கொண்டுவந்த சட்டம்!

இரண்டாவது, கோயில் நுழைவு மசோதா. ஆட்சியாளர் துணை நிற்பார்கள் என்று நம்பியே கொண்டுவந்தார். இராஜாஜி அதைத் திரும்பப் பெறச் சொன்னார், ராஜா மறுத்தார். வாக்கெடுப்பில் ஆளும் கட்சி அதைத் தோற்கடித்தது. அவர் காந்தியாருக்கு எழுதி முறையிட்டார், ஆறுதல்தான் கிடைத்தது. மறு ஆண்டு, 1939 ஜூலையில், மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்ற பிறகு, அதே ஆட்சி அவசரம் அவசரமாக வேறொரு சட்டம் செய்தது. ராஜா செய்தால் ஆகாது, தாங்கள் செய்தால் ஆகும்! அரசியலில் இதைக் கண்டு வியப்படைவதை நாம் எப்போதோ விட்டுவிட்டோம்.

நீதிக் கட்சியால் ஒரு முறை, காங்கிரசால் ஒரு முறை என்று இரு முறை ஏமாந்த மனிதர், கடைசிக் காலத்தில் பழைய எதிராளியின் பக்கத்தில் போய் நின்றார். 1942-ல் கிரிப்ஸ் தூது வந்தபோது அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்தே அவரைக் கண்டார்கள். அந்தத் திட்டம் தம் மக்களுக்குப் பாதுகாப்புத் தரவில்லை என்று சேர்ந்தே கடிதம் எழுதினார்கள். அதே ஆண்டு ஜூலையில் அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார்.

அதற்குப் பிறகு ராஜா அதிக நாள் இருக்கவில்லை. 1943 ஆகஸ்டில், அறுபதாம் வயதில், பரங்கிமலையிலேயே காலமானார். சைதாப்பேட்டையில் ஆதி திராவிட மாணவர்களுக்கான விடுதி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பல மாவட்டத்துப் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். விடுமுறைக்கு ஊர் போகும் நாளில் தகரப் பெட்டியும் துணி மூட்டையுமாக சைதாப்பேட்டை நிலையத்தில் தாம்பரம் வண்டிக்கு நிற்பார்கள்.